கரண்ட் பில்லுக்கு முன் மீட்டர்: பெங்களூரு வீட்டில் மின் செலவை நீங்களே படித்து, அளந்து, சரிபார்க்க முழு வழிகாட்டி

பில் கூடிவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஒரு காகிதத்தை எடுத்து ஃபேன் இத்தனை வாட், டிவி இத்தனை வாட் என்று எழுதி, மணிக்கணக்கால் பெருக்கிக் கூட்டுவார்கள். வரும் எண் பில்லோடு ஒட்டாது. உடனே மீட்டர் மேல் சந்தேகம், அடுத்து ஹவுஸ் ஓனர் மேல் சந்தேகம்.

ஒட்டாததற்குக் காரணம் வரிசை தலைகீழாக இருப்பதுதான். முதலில் உங்கள் மீட்டர் எது என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு அதைப் படிக்க வேண்டும், பில்லோடு பொருத்த வேண்டும். அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் வந்து ஃபேனையும் கீசரையும் அளக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று பில்கள், ஒரு நோட்டு, ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன், டார்ச். பெங்களூரின் வாடகை வீடுகளில் மீட்டர் பலகை மாடிப்படிக்கு அடியிலோ பார்க்கிங் மூலையிலோ இருட்டில்தான் இருக்கும். அதனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

தொடர்ந்து ஒரே அளவில் கரண்ட் இழுக்கும் ஒரு பொருளும் வேண்டும். எலெக்ட்ரிக் கெட்டில் நல்லது. தண்ணீர் கொதிக்கும்வரை நிற்காமல் இழுக்கும். அயர்ன் பாக்ஸை எடுக்காதீர்கள். அதன் தெர்மோஸ்டாட் நடுநடுவே தானாக அணைத்துவிடும், அளவு கெட்டுப்போகும்.

பிளக்கில் செருகி வாட்டும் யூனிட்டும் காட்டும் சின்ன பவர் மீட்டர் இருந்தால் பின்னால் உதவும். கட்டாயமில்லை. வாங்குவதானால் 16 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள். சின்ன பின் உள்ளதில் கீசரை மாட்டினால் உருகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். மீட்டரின் சீலைத் தொடக்கூடாது. சீல் உடைந்திருந்தால் அதை மின்திருட்டாகப் பார்க்க மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே கண்ணால் பார்த்தும், வீட்டுக்குள் உள்ள சுவிட்சைப் போட்டு அணைத்தும் செய்யக்கூடியவை.

2. வாட் வேறு, யூனிட் வேறு

குழாயில் தண்ணீர் வரும் வேகம் வாட். குடத்தில் சேர்ந்த தண்ணீர் யூனிட். மீட்டர் குடத்தைத்தான் எண்ணுகிறது.

1000 வாட் இழுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 2000 வாட் கீசர் அரை மணி ஓடினாலும் 1 யூனிட்தான். 10 வாட் வைஃபை ராவுட்டர் 100 மணி நேரம், அதாவது நான்கு நாளும் கொஞ்சமும் ஓடினாலும் அதே 1 யூனிட். மீட்டரில் இதைக் கிலோவாட்-அவர், சுருக்கமாக கே.டபிள்யூ.ஹெச்., என்று குறித்திருக்கும்.

3. உங்கள் மீட்டர் எது என்று உறுதி செய்யுங்கள்

ஒரே கட்டடத்தில் நான்கு, ஐந்து போர்ஷன், மேல்மாடியில் ஓனர், கீழே இரண்டு கடை. பெங்களூரில் அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் இதுதான் அமைப்பு. மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பெட்டியின்மேல் பெயிண்டிலோ மார்க்கரிலோ ஆர்.ஆர். நம்பர் (உங்கள் மின் இணைப்பின் எண்) எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். மீட்டரை மாற்றும்போது எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிடுவது உண்டு. மீட்டர் முகப்பில் அச்சடித்த வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது மாறாது.

இப்போது சோதனை. மீட்டர் முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் 3200 இம்ப்/கே.டபிள்யூ.ஹெச். என்பதுபோல் ஓர் எண் அச்சாகியிருக்கும். வேறு விளக்குகளும் இருக்கலாம். கரண்ட் வருவதைக் காட்டுவது ஒன்று, இ.எல். என்று எழுதி எர்த் கசிவைக் காட்டுவது ஒன்று. நமக்கு வேண்டியது அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும்.

முதலில் வீட்டுக்குள் கெட்டிலைப் போடுங்கள். ஒருவர் மீட்டர் பக்கம் நிற்கட்டும். உங்கள் மீட்டரில் மினுக்கல் சட்டென்று வேகம் எடுக்க வேண்டும். வேறு மீட்டரில் வேகம் கூடினால் கதை முடிந்தது, நீங்கள் இத்தனை நாள் பக்கத்து வீட்டு பில்லைக் கட்டியிருக்கிறீர்கள்.

அடுத்து வீட்டு டி.பி. பாக்ஸில் (வீட்டுக்குள் கரண்ட் பிரியும் பெட்டி) மெயினை அணையுங்கள். மினுக்கல் நின்றுவிட வேண்டும். விளக்கு அணைய வேண்டும் என்பதில்லை. சில மீட்டர்களில் லோடு இல்லாதபோது அது அணையாமல் எரிந்தபடியே நிற்கும். துடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இரண்டு நிமிடமாவது காத்திருந்து பாருங்கள். சின்ன லோடாக இருந்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம்கூட ஆகலாம்.

மெயினை அணைத்த பிறகும் வீட்டில் லைட்டும் ஃபேனும் ஓடுகிறதே என்று குழம்ப வேண்டாம். அது யு.பி.எஸ். பேட்டரியில் ஓடுகிறது.

மெயின் அணைந்தும் துடிப்பு தொடர்ந்தால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ ஒரு இணைப்பு எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாடிப்படி லைட், கேட் லைட், சிசிடிவி, சம்ப் மோட்டார் இவைதான். கெட்ட எண்ணத்தில் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டடம் கட்டியபோது எலெக்ட்ரீஷியனுக்குக் கைக்கு எட்டிய ஒயரில் மாட்டியிருப்பார். சண்டையாக ஆரம்பிக்காமல், “ஆன்ட்டி, படிக்கட்டு லைட்டும் மோட்டாரும் எந்த மீட்டர்ல ஓடுது?” என்று கேட்டால் பாதி வீடுகளில் அவர்களுக்கே தெரியாது. மோட்டார் ஓடும் நேரத்தில் இருவரும் சேர்ந்து மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

4. ரீடிங் எடுப்பது

டிஜிட்டல் மீட்டரின் திரை சும்மா நிற்காது. சில நொடிக்கு ஒருமுறை தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர், எம்.டி. என்று மாறிக்கொண்டே இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்று வரும் திரையைத்தான் குறிக்க வேண்டும். சில மீட்டர்களில் கே.வி.ஏ.ஹெச். என்று இன்னொன்றும் வரும். கிட்டத்தட்ட அதே மாதிரி எண், கொஞ்சம் பெரிதாக இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். வீட்டுக்கு பில் போடுவது கே.டபிள்யூ.ஹெச். கணக்கில்.

எம்.டி. என்பது அந்த மாதத்தில் உங்கள் வீடு ஒரே சமயத்தில் இழுத்த உச்ச அளவு, கிலோவாட்டில். கீசர், இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் மூன்றையும் காலை ஏழு மணிக்கு ஒன்றாகப் போட்டால் இது ஏறும். ஒரு நொடி உச்சத்தை எடுப்பதில்லை, சில நிமிடங்களின் சராசரியைத்தான் எடுக்கிறது. அதனால் மிக்ஸியை ஒரு சுற்று சுற்றியதால் இது ஏறாது.

பழைய சுழல் தட்டு மீட்டராக இருந்தால் வலக்கோடியில் சிவப்பு நிறத்தில் அல்லது சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம் புள்ளிக்குப் பிந்தையது. அதையும் சேர்த்துப் படித்தால் செலவு பத்து மடங்காகத் தெரியும்.

எழுதி வைப்பதைவிடப் படம் எடுப்பது நல்லது. தேதியும் நேரமும் படத்தோடு நிற்கும். ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு 4271.6, திங்கள் காலை ஏழு மணிக்கு 4276.3 என்றால் அன்றைய செலவு 4.7 யூனிட். ஏழு நாள் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், துணி துவைக்கும் நாளும் மாவு அரைக்கும் நாளும் எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிறும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். இரண்டு நாளை மட்டும் எடுத்து முப்பதால் பெருக்கினால் எங்கேயோ போய் நிற்கும்.

5. பில்லோடு பொருத்துவது

பெஸ்காம், அதாவது பெங்களூரின் மின்சார நிறுவனம், அனுப்பும் பில்லில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து இருக்கும். கன்னடம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று சொல் போதும். ‘இந்தின மாபன’ என்பது இன்றைய ரீடிங். ‘ஹிந்தின மாபன’ முந்தைய ரீடிங். ‘பளகெ’ என்றால் பயன்பாடு, அதாவது யூனிட். இன்றையதிலிருந்து முந்தையதைக் கழித்தால் பளகெ வர வேண்டும். நடுவில் ஸ்திராங்கம் என்று ஒரு பெருக்கு எண் இருக்கும். சாதாரண வீட்டுக்கு அது 1. வேறு எண் இருந்தால் விடாதீர்கள், கேளுங்கள்.

பலர் பார்க்கத் தவறுவது நாள் எண்ணிக்கை. பில் மாதம் காலண்டர் மாதம் அல்ல. ரீடர் வந்த நாளிலிருந்து அடுத்து அவர் வந்த நாள் வரை. போன மாதம் 28 நாளில் 142 யூனிட், இந்த மாதம் 31 நாளில் 4118-லிருந்து 4271 வரை 153 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 யூனிட் கூடிவிட்டது என்று வீட்டில் சத்தம் போடுவதற்கு முன் வகுத்துப் பாருங்கள். போன மாதம் நாளுக்கு 5.07. இந்த மாதம் 4.94. உண்மையில் குறைந்திருக்கிறது. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், நாள் சராசரியை நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

டோர் லாக் என்று போட்டிருந்தால் ரீடர் மீட்டரைப் பார்க்க முடியாமல் சராசரியில் பில் போட்டிருக்கிறார். அடுத்த உண்மையான ரீடிங்கில் கூட்டல் கழித்தல் சரியாகிவிடும். எம்.என்.ஆர். என்று வந்தால் மீட்டர் ஓடவே இல்லை என்று பொருள். அதைச் சும்மா விட்டால் மாதக்கணக்கில் சராசரி பில்தான் வரும்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தும் பில் வருகிறதே என்பவர்களுக்கு: நிலைக் கட்டணம் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட்டை வைத்துப் போடுவது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கட்டண ஆண்டில் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 145 ரூபாய், யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 பைசா என்று இருந்தது. அந்த விலையில் 3 கிலோவாட் அனுமதி உள்ள வீடு ஒரு பல்பும் போடாமல் இருந்தாலும் 435 ரூபாய் நின்றது. யூனிட் விலைமேல் 9 சதவீத மின்வரியும் வேறு சில சிறு சேர்க்கைகளும் உண்டு. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அளக்கும் முறை மாறாது. அதனால் கணக்கை எப்போதும் யூனிட்டில் போடுங்கள், ரூபாயில் போடாதீர்கள்.

கிருஹ ஜோதியில் (கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம்) பதிந்தவர்களுக்குத் தினசரி ரீடிங் இன்னும் முக்கியம். 2022-23-இன் சராசரிப் பயன்பாட்டோடு பொதுவாக 10 சதவீதம் சேர்த்து இலவச அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கட்டலாம். ஆனால் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். 20 நாளில் 131 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு 6.55, 31 நாளில் 203. மீதி 11 நாளில் நாளுக்கு 0.3 யூனிட் அடக்கினால் 200-க்கு ஒரு பிடி குறைவாக நிறுத்திவிடலாம். இருபதாம் நாள் பார்த்தால்தான் இது தெரியும், பில் வந்தபின் தெரிந்து பயனில்லை.

6. துடிப்பை எண்ணி வாட் கண்டுபிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் வீட்டின் இப்போதைய லோடை உங்கள் மீட்டரே சொல்லும்.

முகப்பில் 3200 என்று இருந்தால் 3200 துடிப்புக்கு ஒரு யூனிட். 10 துடிப்புக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 11,250-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 45 நொடி ஆனால் 250 வாட். 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும், 6400 என்றால் 5,625-ஐ. வேறு எண்ணாக இருந்தால் 3 கோடியே 60 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் மீட்டருக்கான எண் கிடைக்கும். அதை ஒரு சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு எண்ணத் தொடங்குவதில் இருக்கிறது. முதல் மினுக்கலைப் பார்த்ததும் ‘ஒன்று’ என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அமுக்கி, பத்தில் நிறுத்துவார்கள். அப்படிச் செய்தால் நடுவில் இருப்பது ஒன்பது இடைவெளிதான். வாட் 11 சதவீதம் கூடுதலாக வரும், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதல் மினுக்கலுக்குப் ‘பூஜ்யம்’ என்று சொல்லி ஆரம்பியுங்கள். பத்து என்று சொல்லும்போது நிறுத்துங்கள்.

லோடு பெரிதாக இருந்தால் 10 துடிப்பு ஐந்தாறு நொடியில் ஓடிவிடும். விரல் தாமதமே பிழையாகிவிடும். அப்போது 50 துடிப்பு எண்ணி, 56,250-ஐ வகுங்கள். 2000 வாட்டுக்கு 28 நொடி வரும், கண்ணுக்கும் விரலுக்கும் அவகாசம் கிடைக்கும். எண்ணுவது சிரமமானால் செல்போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம்.

ஒரு பொருளை மட்டும் அளக்க எல்லாவற்றையும் அணைக்க வேண்டியதில்லை. அதைப் போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை எண்ணிக் கழித்துவிடுங்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் ஃப்ரிட்ஜைக் கட்டாயம் அணைத்துவைக்க வேண்டும். நடுவில் கம்ப்ரஸர் கிளம்பினால் அந்த நூறு வாட்டும் கெட்டில் கணக்கில் ஏறிவிடும்.

7. மீட்டர் சரியா என்று பார்ப்பது

கெட்டிலில் 1500 வாட் என்று எழுதியிருக்கிறது, துடிப்பு கணக்கில் 1310 வருகிறது, ஆக மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். 1500 என்பது 230 வோல்ட்டில். வோல்டேஜ் 215-க்கு இறங்கினால் அதே கெட்டில் 1310 வாட்தான் இழுக்கும். சூடேற்றும் கம்பியில் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். மீட்டர் திரையில் வோல்ட் வரும்போது அதையும் குறித்து ஒப்பிடுங்கள்.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து வோல்ட்டால் பெருக்கும் எலெக்ட்ரீஷியன் சொல்லும் எண்ணையும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டில், கீசருக்கு அது சரி. மோட்டாருக்கும் பழைய சோக் டியூப்லைட்டுக்கும் அந்தப் பெருக்கல் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகக் காட்டும். சோக் டியூப்லைட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டு மீட்டர் உண்மையான வாட்டை மட்டும்தான் எண்ணுகிறது.

முகப்பில் கிளாஸ் 1 என்று இருந்தால் இயல்பான லோடில் நூற்றுக்கு ஒன்று கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். உங்கள் அளவில் 5 சதவீதம் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் பிழை ஸ்டாப்வாட்சில். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்தும் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் சப்-டிவிஷன் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து மீட்டர் சோதனை கேளுங்கள். 1912 என்ற போன் எண்ணில் புகாரைப் பதிந்து புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்போன் சார்ஜரை மட்டும் செருகி வைத்தால் மீட்டர் ஓடுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். மீட்டர் எண்ணத் தொடங்க ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு, அது சில வாட்தான். அதற்குக் கீழ் தனியாக ஓடும் ஒன்றை எண்ணாமல் விடலாம். ஆனால் வீட்டில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதன் முதுகில் ஏறி இதுவும் எண்ணப்பட்டுவிடும்.

8. யாரும் எதையும் போடாதபோது ஓடும் லோடு

இரவு எல்லோரும் படுத்தபின், ஃபேன், லைட் எல்லாம் அணைத்து, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது எண்ணுங்கள். 3200 மீட்டரில் 10 துடிப்புக்கு 225 நொடி ஆனால் 50 வாட். சின்ன எண்தான், ஆனால் நாள் முழுக்க ஓடுகிறது. நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36.

இதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க டி.பி. பாக்ஸில் எம்.சி.பி.களை (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள சின்ன பிரேக்கர் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கி எண்ணுங்கள். செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் பத்துப் பன்னிரண்டு வாட் இழுப்பது சாதாரணம். 12 வாட் என்றால் மாதம் எட்டரை யூனிட்டுக்கு மேல். ராவுட்டர் ஆறேழு யூனிட். பேட்டரி நிறைந்தபின்னும் யு.பி.எஸ். கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் இது ஏறும், காரணம் தெரியாமல் பில் மெல்ல மெல்ல ஏறும் வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள்.

பெங்களூருக்கே உரிய ஒன்று சோலார் வாட்டர் ஹீட்டரின் பேக்-அப் கம்பி. மழைக்காலத்தில் இரண்டு நாள் வெயில் இல்லை என்று சுவிட்சைப் போட்டிருப்பார்கள். பிறகு வெயில் வந்துவிடும், சுவிட்சை யாரும் நினைக்க மாட்டார்கள். இரவில் தொட்டி ஆறும்போதெல்லாம் 2000 வாட்டில் அது கிளம்பும். இரவு எண்ணும்போது திடீரென்று மினுக்கல் பாய்ந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள்.

9. பொருள் பொருளாக

இங்கேதான் வாட்டை மணியால் பெருக்கலாம், அதுவும் எல்லாவற்றுக்கும் அல்ல.

ஒரே அளவில் ஓடுபவை: பல்பு, ஃபேன், ராவுட்டர். பெருக்கினால் சரியாக வரும். பழைய ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) 28 முதல் 35. பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் இருந்தால் வேகத்தைக் குறைத்தாலும் செலவு பெரிதாகக் குறையாது, மிச்சம் அந்தப் பெட்டியில் சூடாகப் போகிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

தானாக நின்று ஓடுபவை: ஃப்ரிட்ஜ், கீசர், ஏ.சி., அயர்ன். இவற்றுக்கு வாட்டை மணியால் பெருக்குவதுதான் பெரிய தவறு. ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் செருகியிருந்தாலும் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை 365-ஆல் வகுங்கள். அல்லது பிளக் மீட்டரை 24 மணி நேரம் மாட்டிவிடுங்கள். ஏ.சி. லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1600 மணி நேரத்துக்கானது. பெங்களூரில் பலர் அவ்வளவு ஓட்டுவதில்லை.

கீசரைக் கணக்கிட நேரம் வேண்டாம், தண்ணீர் போதும். 15 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.66 யூனிட், 2000 வாட் கீசருக்கு 20 நிமிடம். நான்கு பேர் தலைக்கு ஒரு தொட்டி என்றால் நாளுக்கு 2.6 யூனிட், மாதம் கிட்டத்தட்ட 80. பெங்களூர் டிசம்பரில் தொட்டிக்கு வரும் தண்ணீர் இன்னும் சில டிகிரி குளிர்ந்திருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கூடும். குளிர்கால பில் ஏறுவதற்கு ஸ்வெட்டர் காரணமல்ல, இதுதான்.

கொஞ்ச நேரம் ஓடுபவை: மிக்ஸி, கிரைண்டர். இவற்றின் வாட்டைப் பார்த்து பயப்பட வேண்டாம். 150 வாட் டேபிள்-டாப் கிரைண்டரில் இட்லி மாவு 40 நிமிடம் அரைத்தால் 0.1 யூனிட். வாரம் இரண்டு முறை அரைத்தாலும் மாதம் ஒரு யூனிட்டை எட்டாது. கடை மாவு வாங்குவதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள்.

சம்ப் மோட்டாரில் 1 ஹெச்.பி. என்று இருப்பது தண்டு கொடுக்கும் 746 வாட். மீட்டரிலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதல், 1100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் அரை மணி ஓடினால் மாதம் பதினாறு யூனிட்டுக்கு மேல். அது எந்த மீட்டரில் ஓடுகிறது என்பது மூன்றாம் படியில் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டி ஏழு நாள் ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்குள் வந்தால் போதும். அதைவிடத் துல்லியமாகச் செய்ய முயல்வது நேர விரயம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் விட்டுப்போனது கீசராக இருக்கும், அல்லது எட்டாம் படி.

10. சப் மீட்டர் உள்ள போர்ஷன்களில்

ஒரே பெஸ்காம் மீட்டர், உள்ளே போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர் என்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பத்து நிமிடத்துக்குள் படம் எடுங்கள். ஒன்றை ஒன்றாம் தேதியும் இன்னொன்றை ஐந்தாம் தேதியும் படித்துவிட்டுக் கணக்கு உதைக்கிறது என்று சொல்லக்கூடாது. சப் மீட்டர்களின் கூட்டுத்தொகை மெயினுக்குச் சமமாக வராது. மீட்டர்களின் சிறு பிழை, ஒயர் சூடு, சப் மீட்டருக்குள் வராத படிக்கட்டு லைட், மோட்டார் எல்லாம் அந்த வித்தியாசத்தில் இருக்கும். அது பொதுச் செலவு. அதைப் பிரிப்பது எப்படி என்று முதல் மாதமே பேசிவிடுங்கள். நிலைக் கட்டணத்தை யூனிட்டோடு கலக்காமல் தனியாகப் பங்கு போடுங்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து ஒரு விலை வைத்தால், ஊருக்குப் போனவருக்குப் பங்கே இல்லாமல் போய் இருப்பவர் தலையில் ஏறும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு நியூட்ரல் கலப்பு. இரண்டு போர்ஷனின் நியூட்ரல் ஒயரை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரை, எலெக்ட்ரீஷியன் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கியிருப்பார். இங்கே பயன்படும் மீட்டர்கள் பலவும் திருட்டைத் தடுக்க ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எண்ணும். பக்கத்து வீட்டுக் கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியே திரும்பினால் அதுவும் உங்கள் கணக்கில் ஏறும். நீங்கள் மெயினை அணைத்தால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுபடும் இரட்டை சுவிட்சாக இருந்தால் துடிப்பு நின்றுவிடும், கோளாறு தெரியாது. அதனால் மெயினை விட்டுவிட்டு வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பக்கத்து போர்ஷனில் கெட்டில் போடும்போது உங்கள் மீட்டர் துடித்தால், அல்லது இ.எல். விளக்கு எரிந்தால், அதுதான். மீட்டர் பழுதல்ல, ஒயரிங் பழுது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து நியூட்ரல்களைப் பிரிக்க லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெஸ்காம் ஆட்கள் மீட்டர் வரைதான் வருவார்கள்.

11. புகார் கொடுக்கப் போகும்போது

கையில் இருக்க வேண்டியது: ஆர்.ஆர். நம்பரும் அக்கவுண்ட் ஐடியும், மீட்டர் வரிசை எண்ணின் படம், ஏழு நாள் ரீடிங் படங்கள், பில் ரீடிங்குக்கும் உங்கள் படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வரியில். பில்லில் உள்ள ரீடிங்கைவிட அன்றைய உங்கள் படத்தில் உள்ள எண் குறைவாக இருந்தால் அந்த ஒரு படமே போதும், வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. வாட் கணக்குப் போட்ட காகிதத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கவுண்டரில் இருப்பவர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.